முகப்பருவும் மூன்று நாள் களிம்பும்

ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதப் புகும் மாணவர்கள் வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றி எழுதுவார்கள். தேர்வு முறையைப் பற்றி எழுதுவார்கள். நாட்டு நடப்பைப் பற்றியும் எழுதுவார்கள். முகப்பருவைப் பற்றி எழுதியவர்களை நான் கண்டதில்லை. 'இதுவும் ஒரு பொருளா?' என்று இந்தப் பக்கத்தைப் புரட்டும் கை சற்றே தயங்கலாம். ஆனால் நண்பர்களே, நம் வகுப்பறையை ஒருமுறை கண்ணோட்டிப் பாருங்கள். 12 முதல் 24 வயது வரை உள்ளவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஓர் அளவில் பரு வருகிறது என்று தோல் மருத்துவ நூல்கள் கூறுகின்றன. இத்தனை பேரைத் தொடும் ஒன்றைப் பற்றிப் பேச நாம் வெட்கப்படுகிறோம். நாம் பேசாமல் விட்ட இடத்தில் பொய் வந்து குடியேறுகிறது. அந்தப் பொய் இன்று களிம்புக் குழாயில் அடைக்கப்பட்டு, கடைத் தட்டில் வைத்து விற்கப்படுகிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் பரு என்றால் என்ன என்று பார்ப்போம். பருவ வயதில் உடலில் சுரக்கும் சில இயக்குநீர்களின் தூண்டுதலால் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாக வேலை செய்கின்றன. மயிர்க்கால் துளையில் உதிர வேண்டிய தோலணுக்கள் உதிராமல் எண்ணெயோடு சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. அந்த அடைப்புக்குள் நம் தோலில் எப்போதும் வாழும் ஒருவகை நுண்ணுயிர் பெருகுகிறது. வீக்கமும் சிவப்பும் சீழும் தோன்றுகின்றன. கரும்புள்ளியின் கருமை அழுக்கு அன்று. தோலின் நிறமி காற்றுப்பட்டுக் கறுத்ததே ஆகும். ஆகவே, நாளுக்கு ஆறு முறை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அது போகாது, தோல்தான் புண்ணாகும். 'முகம் கழுவாத பிள்ளை' என்று பருக்காரரைப் பார்த்துச் சொல்வது அறியாமை.

இந்த அடைப்பு ஒரே நாளில் உண்டாவதில்லை. இன்று கன்னத்தில் எழும் பரு, கண்ணுக்குத் தெரியாத சிற்றடைப்பாகப் பல வாரங்களுக்கு முன்பே தோன்றிவிட்டது. மருந்தைப் பற்றிய குழப்பம் அனைத்தும் இந்த ஓர் உண்மையை அறியாததால் வருகிறது. அடாபலீன் போன்ற பசை மருந்து, இனி உண்டாகவிருக்கும் அடைப்புகளைத் தடுக்கிறது. ஏற்கெனவே வழியில் இருக்கும் பருக்களை அது திருப்பி அனுப்புவதில்லை. எனவே, மருந்து தடவத் தொடங்கிய பிறகும் பரு வந்துகொண்டேதான் இருக்கும். முதல் சில வாரங்களில் தோல் உலரும், செதில் உரியும், எரியும். சிலருக்குப் பரு முன்னிலும் கூடியதுபோலத் தோன்றும். தெளிவான பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும்.

நானும் இந்த வாரங்களைக் கடந்தவள். அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் எனக்கு இரவில் அடாபலீனும் காலையில் பென்சாயில் பெராக்சைடும் எழுதிக் கொடுத்தார்கள். 'எட்டு வாரத்துக்கு என்னையத் திட்டிக்கிட்டே தடவும்மா. பன்னிரண்டாவது வாரம் வந்து பாரு' என்று மருத்துவர் அம்மா சிரித்தபடி சொன்னார். பட்டாணி அளவு பசையைப் பருவின் மேல் மட்டும் வைக்காமல் முகம் முழுவதும் மெல்லத் தடவ வேண்டும். பகலில் வெயிலுக்கு முகத்தைக் காத்துக்கொள்ள வேண்டும். பருவைக் கிள்ளக் கூடாது. தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றியில் வழிய விடக் கூடாது. இவ்வளவுதான் விதிகள். என் சாயத் தலையணை உறை மட்டும் ஆங்காங்கே வெளுத்துப் போயிற்று. பெராக்சைடு சாயத்தை வெளுக்கும் என்பது வேதியியல் மாணவிக்கு வியப்பான செய்தி அன்று. ஆய்வகத்தில் படித்த ஆக்சிசனேற்றம் வீட்டுக்கே வந்தது, அவ்வளவுதான்.

எனினும், மருந்தின் எரிச்சலைப் பொறுத்துக்கொள்வது எளிது. மனிதரின் வாயைப் பொறுத்துக்கொள்வதுதான் அரிது. ஐந்தாம் வாரத்தில் வீட்டுக்கு வந்த அத்தை என் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, 'ஏட்டி, மாசக்கணக்கா என்னத்தையோ தடவுத, ஒண்ணும் கேக்கலியே? எங்க தெருப் பிள்ளை ஒரு கிரீம் போட்டா, மூணே நாள்ல மூஞ்சி பளபளன்னு ஆயிட்டு' என்றார். அன்பினால் சொன்ன சொல்தான். அத்தை மீது எனக்கு வருத்தம் இல்லை. மருந்து வாங்கப் போன ஒரு கடையிலும் இதே பேச்சு. நான் சீட்டை நீட்ட, 'இதெல்லாம் நாளாகும். இதைப் போட்டுப் பாரும்மா' என்று வேறொரு குழாயை எடுத்து வைத்தார்கள். அதன் மேல் பொடி எழுத்தில் இருந்த பெயரைப் படித்தேன்: மொமெட்டசோன். அது ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டு களிம்பு கெட்ட மருந்து அன்று. கரப்பான் போன்ற தோல் நோய்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் அது அருமருந்து. ஆனால் பருவுள்ள முகத்தில் அது செய்யும் வேலை வேறு. வீக்கத்தை அமுக்குகிறது, இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, தோலை வெளுக்கச் செய்கிறது. மூன்று நாளில் முகம் மாறுவது உண்மைதான். அடைப்போ உள்ளே அப்படியே இருக்கிறது. வாரங்கள் செல்லச் செல்லத் தோல் மெலிகிறது. சிவந்த நரம்புக் கோடுகள் தெரிகின்றன. வேண்டாத இடத்தில் மயிர் வளர்கிறது. வெயில் பட்டால் எரிகிறது. புதுப் பருக்கள் கூட்டமாகக் கிளம்புகின்றன. நிறுத்தினால் முகம் முன்னிலும் மோசமாகச் சிவந்து வீங்குகிறது. அந்த வீக்கத்துக்குப் பயந்து மறுபடியும் அதையே தடவுகிறார்கள். மதுப் பழக்கம் போன்ற இந்தச் சுழலில் சிக்கியவர், 'களிம்பு நல்லதுதான், விட்டால்தான் வருகிறது' என்று அதற்கே சாட்சியும் சொல்கிறார்!

இந்தக் களிம்புகளில் பல கலவை மருந்துகள். நிறமியைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் சேர்த்து, நிறம் குறைக்கும் மருந்தாக 1975-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் கிளிக்மன் தம் துணைவருடன் வெளியிட்டார். மருத்துவர் கண்காணிப்பில், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் பயன்பட வேண்டிய அந்த வகைக் கலவை, நம் நாட்டில் சிவப்பழகுக் களிம்பாக உருமாறி வீடு வீடாகப் புகுந்தது.

இது என் கற்பனை அன்று. இந்தியாவின் 12 மருத்துவ மையங்களில் முகத் தோல் நோய்களுக்காக வந்த 2,926 பேரை ஆராய்ந்த முடிவு 2011-இல் வெளிவந்தது. அவர்களில் 433 பேர், அதாவது 14.8 விழுக்காட்டினர், முகத்தில் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் 104 பேர் பருவுக்காகத் தடவியவர்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவரே அல்லர். அதனால் விளைந்த கேடுகளில் முதலிடம் எதற்குத் தெரியுமா? பருவுக்குத்தான்! நோய் தீரத் தடவிய மருந்தே அந்த நோயைக் கூட்டியிருக்கிறது. இப்படிக் கெட்டுப்போகும் முகத்துக்கென்று இந்தியத் தோல் மருத்துவர்கள் தனிப் பெயரே வைக்க வேண்டியதாயிற்று. அவர்கள் தொடர்ந்து குரல் கொடுத்ததன் பின், 2018-இல் மைய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதி செய்தது. விதி புத்தகத்தில் இருக்கிறது. குழாய் கடைத் தட்டில் இருக்கிறது.

எங்கள் ஊர் பத்தமடை. பாய்க்குப் பெயர் பெற்ற ஊர். பச்சைக் கோரையை வகிர்ந்து உலர்த்தி, ஓடும் ஆற்று நீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி உலர்த்தி, சாயம் ஏற்றி, நூற்பாவில் ஒவ்வொன்றாய்க் கோத்து நெய்தால்தான் பட்டுப் போல மடியும் பாய் கிடைக்கும். மணமக்களின் பெயரை நெய்த கல்யாணப் பாய் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவைத்து வாரக்கணக்கில் காத்திருக்கிறோம். 'மூன்று நாளில் தா' என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் நெய்பவர் சிரிப்பார். பாய்க்குக் காட்டும் இந்தப் பொறுமையை அதில் அமரப்போகும் பெண்ணின் முகத்துக்கு மட்டும் ஏன் காட்ட மறுக்கிறோம்? பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் களிம்பு தேடி ஓடுகிறோமே, அந்த அவசரம் யாருடையது? 'மாநிறந்தான், முகத்தில் பரு வேறு' என்று தரகர் முதல் சம்பந்தி வரை விலை பேசுவதனால் வந்த அவசரம் அன்றோ அது? களிம்பு தடவிய பெண்ணை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவளை அந்தக் கடைக்கு விரட்டிய நாவுகளைத்தான் சொல்வேன். ஆண்களும் இதற்கு விலக்கல்லர். சவரம் செய்த பின் இதே குழாயைத் தடவிக்கொள்ளும் நண்பர்கள் இருக்கிறார்கள்.

'தோல் மருத்துவரைப் பார்க்க ஏழைக்கு ஏது வழி?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தனியார் மருத்துவரின் கட்டணம் நம்மில் பலருக்கு எட்டாது. ஆனால் 1965 முதல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் நம் வரிப்பணத்தில் நடக்கும் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் மருத்துவமனை எல்லார்க்கும் உரியது. பேருந்துக் காசும் அரை நாளும் ஆகும். முகத்தைக் கெடுத்துக்கொண்ட பின் ஆகும் செலவை எண்ணினால் இது பெரிதன்று.

பொறுமை என்றால் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பது அன்று. பன்னிரண்டு வாரம் ஒழுங்காகத் தடவியும் குறையவில்லையென்றால் மீண்டும் மருத்துவரிடம் செல்ல வேண்டும், மருந்தை மாற்றுவார். ஆழமாக, வலியுடன், கட்டி கட்டியாகப் பரு வந்தாலோ, குழித் தழும்பு விழுந்தாலோ காத்திருக்கவே கூடாது. பெண்களுக்கு மாதவிலக்கு ஒழுங்கின்றி, முகத்தில் மயிரும் வளர்ந்தால் இயக்குநீர்ச் சிக்கல் இருக்கலாம். அதையும் சொல்லியாக வேண்டும். பரு போன பின் நம் மாநிறத் தோலில் கருந்தடம் மாதக்கணக்கில் நிற்கும். அதைப் பரு என்று எண்ணி மருந்து பலிக்கவில்லையே என்று கலங்க வேண்டாம். ஏற்கெனவே ஸ்டீராய்டு களிம்பில் பழகிவிட்டவர்கள் தாமாக எதையும் செய்யாமல், அந்தக் குழாயையே கையில் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். அவர்கள் திட்டினாலும் வழி சொல்வார்கள்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் கண் பரிசோதனை நடத்துகிறோம், இரத்ததானம் செய்கிறோம். அதுபோல ஆண்டுக்கு ஒரு நாள் தோல் மருத்துவர் ஒருவரை நம் கல்லூரிக்கு அழைக்க வேண்டும். அன்று ஒவ்வொருவரும் வீட்டில் உள்ள களிம்புக் குழாயைக் கொண்டுவரட்டும். பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மொமெட்டசோன், புளூசினோலோன் என்ற நான்கு பெயர்களைப் பொடி எழுத்தில் தேடிப் படிக்கக் கற்றுக்கொள்வோம். வேதியியல் மாணவர்கள் அதற்குத் துணை நிற்போம். பத்தமடையில் 1887-இல் பிறந்த சுவாமி சிவானந்தர், துறவு கொள்ளுமுன் மருத்துவராக இருந்தவர். இளமையிலேயே மருத்துவ அறிவைப் பரப்ப ஓர் இதழையும் நடத்தியவர். மருத்துவ அறிவைப் பொதுமக்களிடம் கொண்டு செல்வது எங்கள் ஊருக்குப் புதிதன்று.

மாணவத் தோழர்களுக்கும் தோழியர்க்கும் நான் சொல்வது இதைவிடச் சிறியது. பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்து, 'என்ன இது, இன்னும் போகலையா?' என்று கேட்காதீர்கள். அவர் நான்காம் வாரத்தில் இருக்கலாம். உங்கள் ஒரு கேள்வி அவரை நல்ல மருந்திலிருந்து கெட்ட மருந்துக்குத் தள்ளிவிடக் கூடும். கேட்டே தீர வேண்டுமானால், 'எத்தனையாவது வாரம்?' என்று கேளுங்கள்.

— மூன்றாம் ஆண்டு வேதியியல் மாணவி, பத்தமடை