மலிவு எதில் தகும்?

மாணாக்கருக்கு மலிவான டேப்லெட் கணினி அளிக்கும் நோக்குடன் இந்திய அரசு 2011 அக்டோபர் 5-இல் ‘ஆகாஷ்’ சாதனத்தை வெளியிட்டது. அதன் கொள்முதல் விலை ஏறத்தாழ 2,276 ரூபாய். இச்சிக்கனம் திரையிலும் மின்கலத்திலும் புலனாயிற்று. திரை அழுத்தத்தால் இயங்குவது. மெல்லத் தொட்டால் போதாது. 2012 நவம்பர் 11-இல் வெளிவந்த ஆகாஷ்-2, விரல் பட்டதும் மின்னேற்ற மாறுதலை உணரும் திரையையும் பெரிய மின்கலத்தையும் பெற்றது. சிக்கனம் தகாத உறுப்புகள் எவையென இத்திருத்தமே காட்டும்.

ஆந்திரப் பிரதேச அரசு 2022 டிசம்பரில் அரசுப் பள்ளி எட்டாம் வகுப்பினருக்கு டேப்லெட் வழங்கிற்று. அம்மாநிலத்து நாராயணவனம் போன்ற ஊர்களில் கோடை வெயில் கடுமையானது. வெப்பம் லித்தியம் மின்கலத்தை விரைவில் தளரச் செய்யும். அதை மாற்ற வசதி அருகில் இல்லையேல் சாதனம் அலமாரியில் முடங்கும்.

ஆதலின் வாங்குவோர் விலையுடன் பழுதுபார்க்கும் செலவையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும். ஆசிரியரும் களப்பணியாளரும் சாதனத்தை நிழலில் காத்து, ஒருமுறை மின்னேற்றினால் அது எத்தனை மணி நேரம் உழைக்கிறது என்பதை மாதந்தோறும் குறித்து வருவாராக. அடுத்த கொள்முதலுக்கு அக்குறிப்பே தக்க சான்றாகும்.