ஒரு ஹெரால்டைக் காப்பாத்த மூணு ஹெரால்டைக் கொல்லாதீங்க

வழக்கமா இந்தப் பக்கம் பழைய ரேடியோ, ரயில் பயணம், எங்க வீட்டு பூனைன்னு சாதுவா போயிட்டிருக்கும். இன்னிக்கு கொஞ்சம் காரம் தூக்கல். கார் பிடிக்காதவங்க அடுத்த பதிவுக்கு வாங்க, கோவிச்சுக்க மாட்டேன் :-)

போன மாசம் நண்பர் ஒருத்தர் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒண்ணை ரெண்டு வருஷமா ரெஸ்டோர் பண்ணி முடிச்சிருக்கார். போய்ப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, கண்ணாடி மாதிரி மின்னுது. குரோம்ல என் வழுக்கை தெரியுது. "ஸ்பேர் எல்லாம் எப்படிங்க புடிச்சீங்க?"ன்னு கேட்டேன். பெருமையா சொன்னார்: "மூணு வண்டி வாங்கினேன் சார். வேண்டியதை உருவிக்கிட்டு மீதியைக் காயலான் கடைக்குப் போட்டாச்சு. ரெஸ்டோரேஷன்னா அப்படித்தான்."

அந்த மூணுல ரெண்டு, ஓட்டிக்கிட்டே வந்த வண்டிகளாம்.

காபியைக் குடிச்சிட்டு வந்துட்டேன். அவர்கிட்ட ஒண்ணும் சொல்லலை. சொல்ற யோக்கியதை எனக்கு இல்லைங்கிறது வேற விஷயம், அதுக்கு அப்புறம் வர்றேன்.

ஹெரால்டு தெரியாத இளவட்டங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைஞ்ச டிசைன். இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற பேரில் 1959-ல் வந்தது. நம்ம ஊரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961-லிருந்து சென்னையில் செய்ய ஆரம்பிச்சாங்க. பானெட்டும் ரெண்டு பக்க மட்கார்டும் சேர்ந்தாப்ல முன்பக்கமா கவுந்து திறக்கும், மெக்கானிக் டயர் மேலயே உக்காந்து வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள்ள திரும்பிடும். எஞ்சின் 948 சிசி. அப்புறம் நாலு கதவு வந்தது, 70-களில் கஸல் வந்தது, 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 வந்து கம்பெனியையே சாய்ச்சிட்டுப் போச்சு.

கதையின் கரு அந்த நாலு கதவுல இருக்கு. "இங்கிலாந்துல எல்லா ஸ்பேரும் கிடைக்குதே, எதுக்குக் கவலை?"ன்னு கேக்குறாங்க. கிடைக்குது, உண்மைதான். ஆனா இங்கிலாந்து ஹெரால்டுல பின் கதவே கிடையாது. சலூன் ரெண்டு கதவு, அது போக கூப்பே, கன்வர்டிபிள், எஸ்டேட். நாலு கதவு நம்ம ஊர் சரக்கு. அந்தப் பின் கதவு, அதோட கண்ணாடி, அந்த நடுத்தூண், இதையெல்லாம் உலகத்துல எந்தக் கடையும் புதுசா செஞ்சு விக்கலை. அம்பாசடர்க்காரங்களுக்கு 2014 வரைக்கும் கம்பெனி ஓடுச்சு. பத்மினிக்காரங்களுக்கு 2000 வாக்கு வரைக்கும். நமக்கு எப்பவோ கடையைச் சாத்திட்டாங்க. ஒரு நாலு கதவு ஹெரால்டு காயலான் கடைக்குப் போனா, அது போனது போனதுதான்.

இப்ப என் யோக்கியதைக்கு வருவோம்.

பத்து வருஷம் முன்னாடி எங்க அப்பாவோட ரெண்டு கதவு ஹெரால்டை எடுத்து செய்ய ஆரம்பிச்சேன். ஸ்பீடாமீட்டர் முள் பேய் ஓட்டுற மாதிரி ஆடும். வைப்பர் ஓடாது. டிரைவர் பக்க கதவுக் கைப்பிடி தொங்கும். வேலைக்கு விட்ட இடத்துல, "பழசை நோண்டாதீங்க சார், ஒரு பார்ட்ஸ் வண்டி வாங்கிடுங்க, எல்லாம் ஒரே அடியில முடிஞ்சுடும்"னாங்க. எனக்கும் அது புத்திசாலித்தனமா பட்டது. நாலு கதவு ஒண்ணு கிடைச்சது. தாம்பரத்துலேர்ந்து வீட்டுக்கு நானே ஓட்டிக்கிட்டு வந்தேன். வழியில ஒரு இடத்துல கூட நிக்கலை. வித்த பெரியவர் சாவியைக் கொடுக்கும்போது, "நல்லா வச்சுக்குங்க தம்பி"ன்னார். தலையை ஆட்டினேன்.

ரெண்டு வாரத்துல அதை உரிச்சுட்டேன். உரிச்ச உடம்பை எடைக்குப் போட்டேன்.

நாலஞ்சு மாசம் கழிச்சு, சும்மா இருக்க முடியாம, கழட்டிப் போட்ட அப்பா வண்டி ஸ்பீடாமீட்டரை மேஜையில வச்சுப் பார்க்குறேன். மீட்டர்ல ஒரு குத்தமும் இல்லை. கேபிள்தான் உள்ளே காஞ்சு போயிருந்தது. கழுவி, லேசா கிரீஸ் தடவினேன், முள் அசையாம நின்னுச்சு. வைப்பர் மோட்டாரைத் திறந்தா கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கு, அம்புட்டுதான். கைப்பிடிக்குள்ள ஒரு ஸ்பிரிங் ஒடைஞ்சிருக்கு. ஸ்பிரிங் சுத்திக் கொடுக்குறவர்கிட்ட மாதிரி காட்டினா அரை மணி நேர வேலை.

ஒரு கேபிள், ரெண்டு கார்பன் பிரஷ், ஒரு ஸ்பிரிங். இதுக்காக ஓடுற வண்டியைக் கொன்னிருக்கேன். அப்புறம் எனக்கு எந்த மூஞ்சி இருக்கு நண்பரைத் திட்ட?

ஆனாலும் திட்டத்தான் போறேன். ஏன்னா இது என் ஒருத்தனோட முட்டாள்தனம் இல்லை, ஒரு பழக்கமாவே ஆகிப்போச்சு. கழட்டுன சாமானை என்ன ஏதுன்னு பார்க்காமலே "போயிடுச்சு"ன்னு முடிவு கட்டுற பழக்கம். கையில இருக்குறது என்னன்னு தெரியாதவனுக்குத்தான் எல்லாமே ஸ்கிராப்.

சும்மா வாய்ப்பேச்சு இல்லை, உதாரணம் சொல்றேன். ஹெரால்டுல போல்ட்டு, நட்டு பெரும்பாலும் அங்குல அளவு, யூஎன்எஃப் மரை. ஃபியட் மில்லிமீட்டர் மரை. புதுப்பேட்டை டப்பாவுல ரெண்டும் கலந்து கிடக்கும். 5/16 அங்குல போல்ட்டோட விட்டம் 7.94 மில்லிமீட்டர். பக்கத்துல 8 மில்லிமீட்டர் போல்ட்டை வச்சா எந்தக் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனா முதல்ல சொன்னதுல அங்குலத்துக்கு 24 மரை. 8 மில்லிமீட்டர் போல்ட்டுல மரைக்கு மரை 1.25 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்துக்கு இருபது சொச்சம். கையால ரெண்டு சுத்து ஏறும். அப்புறம் இறுகும். "துரு சார், அதான்"னு ஸ்பேனரைப் போட்டு ஒரு முறுக்கு. முடிஞ்சது. அறுபது வருஷமா நல்லா இருந்த ஓட்டை செத்தது. அடுத்து என்ன, "வார்ப்பு போயிடுச்சு சார், வேற வாங்கிடுங்க". மரை கழண்டது வண்டிக்கா, இவங்களுக்கான்னு தெரியலை :-(

இத்தனைக்கும் மரை பார்க்குற கேஜ் ஒண்ணு அங்கத்தைய கடைகள்லயே கிடைக்கும். சீப்பு மாதிரி இருக்கும், பல்லோட பல்லு வச்சுப் பார்த்தா சொல்லிடும். விலையும் பெருசா ஒண்ணுமில்லை.

பேரிங் கதை இன்னும் கொடுமை. "ஹெரால்டு டைனமோ பேரிங் இருக்கா?"ன்னு கேட்டா, கடையில மேலயும் கீழயும் பார்த்துட்டு "அதெல்லாம் எப்பவோ நின்னு போச்சுங்க"ம்பாங்க. வண்டி பேரைச் சொல்லாதீங்க. கழட்டுன பேரிங்கை மண்ணெண்ணெயில கழுவி, வளையத்து மேல வெட்டியிருக்குற நம்பரைப் படிங்க. 6203-ன்னு இருந்தா உள் விட்டம் 17 மில்லிமீட்டர், 6204-ன்னா 20. அது எந்த நாட்டு வண்டியில இருந்தாலும் அதே அளவு. தண்ணி மோட்டார்ல போடுற அதே சாமான்! நம்பர் அழிஞ்சு போச்சா, வெர்னியர் வச்சு உள் விட்டம், வெளி விட்டம், அகலம் மூணையும் எழுதிக்கிட்டுப் போங்க. ஆயில் சீலுக்கும் இதே வைத்தியம்தான்.

எஞ்சினைத் திறந்தா அதுக்குள்ளயே ஜாதகம் எழுதியிருக்கும். பேரிங் ஷெல்லைத் திருப்பி முதுகைப் பாருங்க. 010, 020-ன்னு இருந்தா கிராங்கை 10 தௌ, 20 தௌ அரைச்சிருக்காங்கன்னு அர்த்தம் (அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு ஒரு தௌ). பிஸ்டன் தலையிலயும் இதே மாதிரி +20, +40 இருக்கும். அரைக்க இன்னும் இடம் இருக்கான்னு அங்கேயே தெரிஞ்சு போகும். இதைப் பார்க்காமலே "எஞ்சின் அவுட்டு"ன்னு தீர்ப்பு சொன்ன ஒரு எஞ்சினை நான் பார்த்திருக்கேன். கழட்டினா ஸ்டாண்டர்டு சைஸு. ஒரு தடவை கூட யாரும் அரைச்சதில்லை! லூகாஸ் டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்டார்ட்டர் எல்லாத்து மேலயும் மாடல் நம்பரும் தேதியும் அடிச்சிருப்பாங்க. ஆர்சி புக்குல இருக்குற வருஷத்தோட ஒத்துப் பாருங்க. பொருந்தினா, அந்த வண்டியோட பிறந்த சாமானே உங்க கையில இருக்குன்னு அர்த்தம். நம்மாளுங்க என்ன பண்றாங்க? பஃபிங் மெஷின்ல கொடுத்து அந்த எழுத்தையே அழிச்சு பளபளப்பாக்குறாங்க. கேட்டா "ஷோவுக்குப் போகுது சார்".

ஷோன்னதும் ஞாபகம் வருது. 2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிக்குன்னு தனி விதி கொண்டு வந்தாங்க. 50 வயசு தாண்டியிருக்கணும், அசல் வடிவத்துல இருக்கணும், சேசிஸ், பாடி, எஞ்சின்ல பெரிசா கை வச்சிருக்கக் கூடாது. 20,000 ரூபா கட்டினா பத்து வருஷத்துக்கு 'விஏ' நம்பர். அசல் வடிவம்னு அரசாங்கமே எழுதி வச்சிருக்கு. நாம மூணு வண்டியைக் கலக்கி நாலாவதா ஒண்ணைப் பண்ணிட்டு அதுக்கு அசல்னு பேர் வைக்கிறோம்.

சரி, எதிர்த்தரப்பு வாதத்தையும் பார்ப்போம்.

"பழசை உக்காந்து பார்த்தா கூலி யார் கொடுப்பா?" நியாயமான கேள்வி. ஒரு வைப்பர் மோட்டாரைத் திறந்து சுத்தம் பண்ண ஒருத்தருக்கு அரை நாள் ஆகும். ஒர்க்‌ஷாப்காரருக்கு அந்த அரை நாளில் வேற நாலு வேலை. அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். குத்தம் வண்டிச் சொந்தக்காரங்க மேலதான். பெயிண்டுக்கு லட்சக்கணக்குல செலவு பண்றோம், ஆனா கழட்டுன சாமானை ஒரு டப்பாவுல போட்டு, எந்தப் பக்கம், எந்த ஓட்டைன்னு ஒரு சீட்டு எழுதிக் கட்ட நமக்கு நேரம் இல்லை. தீபாவளி ஸ்வீட் டப்பாவை எல்லாம் என்னதான் பண்றீங்க?

"பழைய சாமானை நம்பி ரோட்டுல போக முடியுமா?" இதுல நானும் அவங்க கட்சிதான். பிரேக் சிலிண்டர் ரப்பர், பிரேக் ஹோஸ், துரு பிடிச்ச பிரேக் பைப், இதுல "அசல்" பைத்தியம் வேண்டாம், கண்ணை மூடிட்டு மாத்துங்க. புது ரப்பரையும் பெட்ரோல்ல கழுவாதீங்க, ஊறிப் பெருத்துடும். ஆனா அதே இடத்துல சிலிண்டரோட வார்ப்பு உடம்பு நல்லா இருந்தா, உள்ளே ஸ்லீவ் போட்டு திரும்ப உபயோகிக்கலாம். எதை வச்சுக்கணும், எதைத் தூக்கிப் போடணும்ங்கிறது ஒவ்வொரு சாமானா கையில எடுத்துப் பார்த்து சொல்ற தீர்ப்பு. மொத்தமா சொல்ற தீர்ப்பு இல்லை.

முன்சக்கரத்துல இருக்குற ட்ரன்னியனையே எடுத்துக்குங்க. சக்கரத்தைத் தாங்குற செங்குத்து லிங்க்கோட அடிமுனை அதுக்குள்ள மரையா இறங்கி நிக்கும். ஸ்டியரிங் திருப்பும்போது அந்த மரையிலதான் திரும்புது. இதுக்கு 90 நம்பர் கியர் ஆயில் ஊத்தணும். நம்ம ஊர்ல கிரீஸ் கன்னை வச்சு கிரீஸ் அடிச்சே பழக்கம். கிரீஸ் எல்லா இடத்துக்கும் போகாது, மரை காஞ்சு துரு ஏறும், ஒரு நாள் லிங்க் படக்குன்னு ஒடைஞ்சு சக்கரம் மடங்கும். அதனால பழைய வண்டியிலேர்ந்து உருவின ட்ரன்னியனை சந்தேகத்தோடதான் பார்க்கணும். அது மட்டுமில்லை, ஒரு பக்கத்துக்கு வலது மரை, இன்னொரு பக்கத்துக்கு இடது மரை. மாத்திப் போட முடியாது. மூணு வண்டியை உரிச்ச நம்ம நண்பர் வீட்டுல ஒரு சாக்கு நிறைய ட்ரன்னியன் கிடக்கு. எது எந்தப் பக்கம், எதுல ஆடுது, எதுல ஆடலை, எழுதி வச்சிருக்காரான்னு கேட்டேன். சிரிச்சார்.

பார்ட்ஸ் வண்டியே வாங்கக் கூடாதுன்னு சொல்ல வரலை. சேசிஸ் கரைஞ்சு போய், கையை வச்சா உதிருற வண்டியை யாரும் எழுப்ப முடியாது. ஹெரால்டு சேசிஸோட ஓரக் கைகள் துருவுக்கு ரொம்ப இஷ்டம். அந்த மாதிரி வண்டியை உரிங்க, தப்பே இல்லை. உரிச்சதை எல்லாம் வச்சுக்குங்க, உங்களுக்கு வேண்டாத கதவு இன்னொருத்தருக்கு உயிர். ஓடுற வண்டியை ஒரு ஸ்பீடாமீட்டருக்காக உரிக்கிறதைத்தான் பொறுக்க முடியலை. அதுவும் உங்க ஸ்பீடாமீட்டரை இன்னும் திறந்தே பார்க்காம.

அப்பா வண்டி இப்ப ஓடுது. அவரோட ஸ்பீடாமீட்டர், அவரோட வைப்பர், அவரோட கைப்பிடி. நாலு கதவுலேர்ந்து உருவினது ஒண்ணு கூட அதுல இல்லை.

பி.கு: அந்த நாலு கதவு வண்டியோட உடம்பை எடைக்குப் போட்டாலும், பின் கதவு ரெண்டும் என்னமோ மனசு வராம எடுத்து வச்சிருந்தேன். மொட்டை மாடியில தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கேன். கண்ணாடி, ரெகுலேட்டர், பூட்டு எல்லாம் உள்ளேயே இருக்கு. இடது கதவோட அடியில லேசா துரு, மத்தபடி சுத்தம். கூடவே ஸ்பீடாமீட்டர் ஒண்ணு, வைப்பர் மோட்டார் ஒண்ணு. நாலு கதவு ஹெரால்டு வச்சிருக்குறவங்க யாராவது இருந்தா வந்து எடுத்துக்குங்க. காசு வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை, வண்டியை ஓட்டிக்கிட்டு வரணும்.