ஷிஃப்ட் பஸ் சிநேகிதம்

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006இல் ஓடத் தொடங்கி, 2014 நவம்பர் 1இல் நின்றது. வரி வழக்கில் சிக்கியதால், நோக்கியாவின் செல்போன் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்ட் கைக்கும் போகவில்லை. இதெல்லாம் பேப்பரில் வந்த கதை. வராத கதை காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் இருக்கிறது. அறுந்த பட்டிழையை முடிச்சுப் போட்டுப் பழகிய விரல்களோடு செல்போன் பூட்டப் போனாள் பக்கத்துத் தறி வீட்டுப் பெண். டப்பாவில் மந்தாரை இலை வாசத்தோடு கோயில் இட்லி போகும். திரும்பி வருகையில் யாரோ ஒரு தர்மபுரிக்காரியின் களியுருண்டை ஒட்டியிருக்கும். வைகாசி கருடசேவைக்கு முந்தின ராத்திரி ஏழெட்டுத் தோழிகள் அவள் வீட்டில் தறிக்குப் பக்கத்திலேயே பாய் விரித்தார்கள். யார் என்ன சாதி என்று பாட்டி கேட்டதற்கு, "எல்லாரும் பி ஷிஃப்ட், ஆயா" என்றாள். ஆலை மூடும்போது இழப்பீட்டுக் கணக்கு போடுகிறோம், சரி; இந்தச் சிநேகிதத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? மூடிய அந்த ஆலைக்குப் பிறகு சார்ஜர் செய்யும் சால்காம்ப் நிறுவனம் வந்தது. இவள் போகவில்லை. பழைய அடையாள அட்டையின் நாடாவில் இப்போது பீரோ சாவி தொங்குகிறது.