மரக்குற்றமும் இசைக்குற்றமும்: நரம்புக்கருவி ஆய்வில் ஒரு விடுபாடு

சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தில், தன்முன் கொணரப்படும் யாழ்களைச் சீவகன் ஒவ்வொன்றாக விலக்குகிறான். நீரில் நின்று இளகியது, வாட்புண் உற்றது, இடியுண்டது என மரத்தின் குற்றங்களே அதற்குக் காரணங்களாகின்றன. இதனைத் தலைவனின் கலைத்திறம் காட்டும் காப்பிய உத்தி என்று கொள்வது பிழையன்று. எனினும் அது போதிய விளக்கமாகாது. கருவிக்கு மரம் தேர்ந்த தொழிலறிவின் பதிவாகவும் இப்பகுதி வாசிக்கத்தக்கது.

சிலப்பதிகார உரைமரபு இதற்கு அரண் செய்கிறது. செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என்னும் இசைக்குற்றங்களை அது நீரில் நிற்றல், அழுகுதல், வேதல், இடிவீழ்தல் முதலிய மரக்குற்றங்களோடு சார்த்தி உரைக்கிறது. மரத்தின் வரலாறே ஒலியின் இயல்பை வரையறுக்கிறது என்பது இதன் கருத்து. மரவியலும் இதற்கு மாறன்று. அழுகல் கண்ணுக்குப் புலப்படுமுன்பே மரத்தின் உறுதி குறையத் தொடங்கிவிடும். இடி தாக்கிய மரத்தில் உள்வெடிப்புகள் மறைந்திருக்கக்கூடும். வெட்டுக்காயம் நார்களின் தொடர்ச்சியை அறுத்துவிடும்.

இவ்வறிவு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. தஞ்சாவூர் வீணை இன்றும் பலாமரத்திலேயே கடையப்படுகிறது. குடமும் தண்டியும் ஒரே மரத்துண்டில் அமைவது ஒரு வகை. தனித்தனியே செய்து இணைக்கப்படும் ஒட்டு வீணை மற்றொரு வகை. முன்னதற்குப் பருத்த, வெடிப்பற்ற அடிமரம் வேண்டும். ஆதலின் முதிர்ந்த பலா அருகும்தோறும் முதலில் நலிவது அவ்வகையே. அதன் பெயரும் ஏகாண்ட வீணை, ஏகாந்த வீணை என இருவடிவில் வழங்குகிறது. 'ஒரே துண்டு' என்னும் பொருளுக்கு முன்னதே பொருந்துகிறது. 'தனிமை' குறிக்கும் பின்னது ஒலி ஒப்புமையால் வந்த திரிபாகலாம். பட்டறை வழக்கைக் கேட்டறியாமல் இதனை முடிவு செய்ய இயலாது.

யாழும் வீணையும் வேறு வேறு கருவிகள் ஆதலின், ஒன்றன் இலக்கணத்தை மற்றொன்றில் ஏற்றலாகாது என்னும் மறுப்பு எழலாம். அம்மறுப்பு ஏற்கத்தக்கதே. யாழின் பத்தர் தோற்போர்வை உடையது. வீணைக் குடத்தின் மேற்பலகையோ மரம். ஆகவே யாழில் நரம்பின் இழுவிசையைத் தாங்கும் கோட்டின் உறுதி முதன்மை பெறுகிறது. வீணையில் அதிரும் பலகையின் தன்மையும் உடன் சேர்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் இடையன் குமிழின் உட்டுளையுள்ள கொம்பில் மரல்நார் தொடுத்துச் செய்யும் எளிய யாழ், கருவிக்கேற்ப மரம் மாறியதைக் காட்டும். ஒப்பீடு கருவிகளைச் சமன் செய்வதற்கன்று; தேர்வுமுறையின் வேறுபாடுகளை விளக்குவதற்கே.

1947இல் வெளிவந்த விபுலாநந்த அடிகளின் யாழ் நூல், இலக்கியச் சான்றுகளையும் இசைக் கணக்கையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்தது. அவ்வழியில் எடுத்துவைக்க வேண்டிய அடுத்த அடி, பட்டறையின் சொல்லையும் சான்றாக ஏற்பதாகும். தஞ்சாவூர் வீணை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீடு பெயரைக் காக்கும். மரத்தைத் தட்டிக் கேட்டு ஏற்பதும் விலக்குவதுமான சொற்களைக் காக்காது. அச்சொற்களைத் தொகுத்து உரைவழக்கோடு ஒப்பிட்டு அகராதியில் ஏற்றும் பணி தமிழ்த்துறைகளுக்கு உரியது. கைவினைஞரின் தலைமுறை மாறுவதற்குள் அது தொடங்கப்பெறல் வேண்டும். இன்றேல் மரக்குற்றம் பற்றிய உரைப்பகுதிகள், பொருள் அறிந்து சொல்வார் இல்லாத வெறும் பட்டியல்களாகவே எஞ்சும்.