மருந்து வந்துவிட்டது, நாம் போய்ச் சேர வேண்டும்



ஐப்பசி மழை விழுந்து, நம் பரளச்சிக் கரிசலில் மக்காச்சோளமும் பருத்தியும் எழும்பிவிட்டால் பாம்புக்கடிப் பயமும் கூடவே வரும். இந்த மாதம் அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் நம் நாட்டில் ஒரே மருந்துதான். 1978இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து மருந்தைப் பிரிக்கிறார்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அதை வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியே அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் வண்டியும் ஓடுகிறது. 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அரசு அறிவித்தது. ஒவ்வொரு கடியும் கணக்கில் ஏறினால்தான் எந்த வட்டாரத்துக்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும்.

மருத்துவமனையில் கடிபட்டவரின் இரத்தத்தைக் கொஞ்சம் கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைப்பார்கள். சாய்த்ததும் உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் நஞ்சு ஏறியிருக்கிறது என்று பொருள். உடனே 8 முதல் 10 குப்பி மருந்து ஏறும். சிறுபிள்ளைக்கும் அதே அளவுதான். பாம்பு ஆள் பார்த்து நஞ்சை அளந்து விடுவதில்லை. கட்டுவிரியனோ இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பெரும்பாலும் வலியும் இராது, தடமும் தெரியாது. விடியும்போது வயிறு வலிக்கிறது என்பார். இமை தானாகத் தொங்கும். அந்த வயிற்று வலியைச் சூட்டு வலி என்று விட்டுவிடக் கூடாது.

இத்தனை ஏற்பாடும் வீணாவது கடித்த இடத்துக்கும் ஆஸ்பத்திரி வாசலுக்கும் நடுவில்தான். கயிற்றால் இறுக்குவது, பிளேடால் கீறுவது, பாம்பைத் தேடி அலைவது, மந்திரிக்கக் கூட்டிப் போவது எல்லாம் உயிரைக் குடிக்கும் தாமதங்கள். கடிபட்டவரை நடக்க விடாமல், கைகாலை அசையாமல் வைத்து, 108ஐக் கூப்பிடுங்கள். ஓர் ஆள் ரோட்டுக்கு வந்து நின்று வழிகாட்டட்டும். வண்டி வரத் தாமதமாகும் என்றால் பைக்கில் இருவருக்கு நடுவே உட்காரவைத்துக் கிளம்புங்கள். எத்தனை மணிக்குக் கடித்தது என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இரவில் யாருடைய வண்டி புறப்படும், யார் ஓட்டுவார், எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதை உங்கள் தெருவில் இன்றே பேசி முடிவு செய்யுங்கள். உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

அன்புடன்,
ஆசிரியர்