கணிப்பொறியில் ஒரு சிறு சாளரம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கொள்முதல் செய்து இராஜபாளையத்தில் விற்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். நாளின் வரவைக் கூட்டிக் காட்டும் சிறு சாளரம் ஒன்றை, அவ்வீட்டுப் பிள்ளைகளே தங்கள் கணிப்பொறியில் அமைத்துவிடலாம்.

ஹாலந்து நாட்டவரான கைடோ வான் ராசம் 1991-இல் வெளியிட்ட பைத்தான் மொழி இதற்கு ஏற்றது. அதற்கு விலை ஏதும் இல்லை. அதனுடன் வழக்கமாக வரும் டிகிண்டர் என்னும் துணைக்கருவி, தொகைகளை எழுதக் கட்டங்களையும், 'கூட்டு' என்றொரு பொத்தானையும், விடை தோன்ற ஓர் இடத்தையும் அமைத்துத் தரும். இறுதி வரியில் 'மெயின்லூப்' என்று கட்டளையிட வேண்டும். அப்போதுதான் சாளரம் உடனே மறைந்துவிடாமல், பொத்தான் அழுத்தப்படும்வரை காத்திருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கட்டத்தில் எழுதியதை இயந்திரம் எண்ணாகக் கொள்வதில்லை. வெறும் எழுத்தாகவே கொள்ளும். காலை வரவு 100, மாலை வரவு 50 எனில், 150 என்று கூறாமல், இரண்டையும் ஒட்டி 10050 என்று காட்டும்! 'இன்ட்' என்னும் கட்டளையால் முதலில் எண்ணாக மாற்றி, அதன் பின்னரே கூட்டுதல் வேண்டும்.

பெற்றோரே, பிள்ளைகளின் முயற்சியைப் பாராட்டுங்கள். ஆயினும் முதல் சில நாட்களுக்கேனும் கணக்கை நோட்டிலும் எழுதி, அவர்களோடு அமர்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.