எல்லா வீட்டுக்கும் ஒரே சாவியா?

ஊரிலுள்ள எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி போட்டு விற்றால் ஜனங்கள் சும்மா விடுவாங்களா? கம்ப்யூட்டர் சாமான் கம்பெனிகள் அதைத்தான் செய்தன!

கண்காணிப்பு கேமரா, இன்டர்நெட் ரூட்டர் இவற்றுக்குள் தூரத்திலிருந்தே நுழைய 'டெல்நெட்' என்று ஒரு வாசல் உண்டு. தொழிற்சாலையிலேயே அதைத் திறந்து வைத்து, 'அட்மின்' என்பது போன்ற ஒரே பாஸ்வேர்டைப் போட்டு அனுப்பினார்கள்.

2016-ல் 'மிராய்' என்ற நாசகார புரோகிராம் கிளம்பியது. பெரிய வித்தை எதுவும் காட்டவில்லை. இப்படி ஊரறிந்த சுமார் 60 பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்தது, அம்புட்டுத்தான்! லட்சக்கணக்கான கருவிகள் அதன் பிடியில்! அப்படிச் சேர்ந்த படை அக்டோபர் 21-ல் அமெரிக்காவின் 'டின்' கம்பெனி மீது ஏவப்பட்டது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் திக்குமுக்காடின.

வாங்கியவர்தானே பாஸ்வேர்டை மாற்றணும் என்று கம்பெனிகள் கைகழுவுவது நியாயமா? சில கேமராக்களில் மாற்றவே வழி வைக்கவில்லையே!

ஒரே பாஸ்வேர்டு போட்டு விற்கக்கூடாது என்று பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. சபாஷ்! சட்டம் போடாத நாடுகள் இனியும் தூங்கலாமா? வாங்குகிறவர்களும் பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலையாகச் சாவியை மாற்றட்டும்!